பெர்லினும் பிறைக்கொடியும் – பகுதி 7: பெர்லின் அறிவித்த புனிதப் போரும் சேலத்துச் சமவெளியும்

ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் கொங்கு மண்ணுக்கும் ஐரோப்பிய வல்லரசுகளுக்கும் ஏற்பட்ட தொடர்புகள் 18-ஆம் நூற்றாண்டோடு முடிந்துவிட்டன என்று கருதுவது இயல்பு. ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் பேரரசு இஸ்லாமிய உலகை நோக்கி வகுத்த ஓர் அரசியல் திட்டம் இஸ்தான்புல், பாக்தாத், காபூல், சிங்கப்பூர் ஆகிய நகரங்களைத் தொட்டதோடு நில்லாமல், சென்னைத் துறைமுகத்தையும் சேலத்து நெசவாளர் தெருக்களையும் தொட்டது. இறுதியில் சேலத்திலிருந்து புறப்பட்ட ஒரு தலைவர் நாடு தழுவிய இயக்கத்தின் தலைமை மேடையில் அமரும் சூழ்நிலைக்கும் அது ஒரு காரணமாக அமைந்தது. அந்தத் திட்டம் எவ்வாறு உருவாயிற்று, எங்கெங்கு தடுமாறிற்று, தமிழர் அதில் எந்த இடத்தில் நின்றனர் என்பதே இப்பகுதியின் பொருள்.

டமாஸ்கஸ் முதல் பாக்தாத் வரை

1871-இல் ஒன்றுபட்ட ஜெர்மனி, பிரிட்டனையும் பிரான்சையும் போல உலகெங்கும் காலனிகளைப் பெறும் வாய்ப்பைக் காலம் கடந்தே அடைந்தது. டோகோ, கேமரூன், கிழக்கு ஆப்பிரிக்கா ஆகிய அதன் காலனிகளிலும் முஸ்லிம்கள் வாழ்ந்தனர் என்றாலும், பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகிய மூன்று பேரரசுகளின் ஆட்சியில் இருந்த முஸ்லிம்களோடு ஒப்பிட்டால் அந்த எண்ணிக்கை மிகச் சிறியது. ஆகவே தன் போட்டியாளர்களின் பலவீனம் முஸ்லிம் குடிமக்களின் மனக்குறையில் இருக்கிறது என்றும், அம்மக்களின் நட்பைப் பெற்றுவிட்டால் படையெடுக்காமலேயே பிரிட்டனை அசைத்துவிடலாம் என்றும் பெர்லினில் ஒரு சாரார் எண்ணத் தொடங்கினர்.

பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1889-இலும் 1898-இலும் உஸ்மானியத் துருக்கிக்குச் சென்றார். இரண்டாம் பயணத்தின்போது, 1898 நவம்பர் 8 அன்று டமாஸ்கஸ் நகரில், சிலுவைப் போர்க் காலத்துச் சுல்தானான சலாஹுத்தீனின் நினைவைப் போற்றிப் பேசிய அவர், உலகின் 30 கோடி முஸ்லிம்களுக்கும் ஜெர்மன் பேரரசர் என்றும் நண்பராக இருப்பார் என்று அறிவித்தார். இந்தச் சொல்லுக்குப் பின்னால் பொருளாதார அடித்தளமும் இருந்தது. 1888 முதல் ஜெர்மன் வங்கிகள் அனத்தோலிய இரயில் பாதைக்கு முதலீடு செய்து வந்தன. 1903-இல் கோன்யாவிலிருந்து பாக்தாத் வழியாகப் பாரசீக வளைகுடாவை எட்டும் இரயில் பாதைக்கான உரிமையும் ஜெர்மன் நிறுவனத்துக்குக் கிடைத்தது. டமாஸ்கஸிலிருந்து மதீனாவுக்கு ஹஜ் பயணிகளை ஏற்றிச் சென்ற ஹிஜாஸ் இரயில் பாதையை 1900-க்கும் 1908-க்கும் இடையே அமைத்தவரும் ஹைன்ரிஷ் மைஸ்னர் என்னும் ஜெர்மன் பொறியாளரே.

இந்திய முஸ்லிம்களின் உள்ளத்தில் துருக்கிக்கு இருந்த இடத்தையும் இங்குக் குறிப்பிட வேண்டும். நபிகள் நாயகத்துக்குப் பின் முஸ்லிம் சமூகத்தின் தலைமையை ஏற்றவர் கலீபா எனப்பட்டார், அப்பதவியே கிலாபத். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பதவியை உஸ்மானிய சுல்தான் வகித்தார். இந்தியப் பள்ளிவாசல்கள் பலவற்றில் வெள்ளிக்கிழமைப் பேருரையான குத்பாவில் அவர் பெயர் ஓதப்பட்டு வந்தது. 1912–13 பால்கன் போர்களின்போது டாக்டர் அன்சாரியின் தலைமையில் ஒரு மருத்துவக் குழு இந்தியாவிலிருந்து துருக்கிக்குச் சென்றது இந்தப் பற்றின் வெளிப்பாடாகும்.

ஓர் அறிக்கையும் ஓர் அறிவிப்பும்

முதல் உலகப் போர் மூண்ட வேளையில், 1914 ஆகஸ்ட் 2 அன்று ஜெர்மனியும் துருக்கியும் இரகசிய உடன்படிக்கை செய்துகொண்டன. அக்டோபர் மாதத்தில், கொலோன் நகரத்து வங்கிக் குடும்பத்தில் பிறந்தவரும், வட சிரியாவில் தல் ஹலஃப் என்னும் தொல்லியல் களத்தை அகழ்ந்தவருமான மாக்ஸ் ஃபான் ஓப்பன்ஹைம், எதிரிகளின் ஆட்சியில் உள்ள இஸ்லாமிய நாடுகளில் புரட்சியைத் தூண்டுவது குறித்து ஒரு நீண்ட அறிக்கையை எழுதினார். எகிப்தும் இந்தியாவும் அதன் முதன்மை இலக்குகள். இந்தியாவில் கலகம் மூண்டால் பிரிட்டன் சமாதானத்துக்கு இறங்கி வரும் என்பது அதன் கணக்கு. இக்கணக்கை நிறைவேற்றக் கீழ்த்திசைச் செய்தி நிலையம் என்னும் அலுவலகம் பெர்லினில் தொடங்கப்பட்டு, பல மொழிகளில் துண்டறிக்கைகளை அச்சிட்டது.

1914 நவம்பர் 14 அன்று இஸ்தான்புல்லின் ஃபாத்திஹ் பள்ளிவாசலில், சமயத் தலைமை அலுவலரான ஷேக்குல் இஸ்லாமின் ஃபத்வாக்கள், அதாவது மார்க்கத் தீர்ப்புகள், வாசிக்கப்பட்டு, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா ஆகியவற்றுக்கு எதிராகப் போரிடுவது முஸ்லிம்களின் கடமை என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் கிறித்தவப் பேரரசுகளான ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் நட்பு நாடுகள் என்பதால் அவை மட்டும் விலக்கப்பட்டிருந்தன. மார்க்கத்தின் பெயரால் விடுக்கப்பட்ட ஓர் அழைப்பில் அரசியல் கூட்டணியின் எல்லைக்கோடு இவ்வளவு வெளிப்படையாகத் தெரிந்தது அதன் நம்பகத்தன்மையைத் தொடக்கத்திலேயே குறைத்தது. இந்திய அரசோ அதே நவம்பர் மாதத் தொடக்கத்தில், அரேபியப் புனிதத் தலங்கள் தாக்கப்படமாட்டா என்று உறுதியளித்து, இந்திய முஸ்லிம்களின் மனக்கலக்கத்தைத் தணிக்க முற்பட்டிருந்தது.

எம்டன் கப்பல்: சென்னையிலிருந்து இஸ்தான்புல் வரை

இந்தத் திட்டத்தோடு நேரடித் தொடர்பு இல்லாமலேயே, ஜெர்மனியின் போர் தமிழ்நாட்டை அடைந்த நாள் 1914 செப்டம்பர் 22. அன்றிரவு 9 மணிக்குப் பின், கார்ல் ஃபான் முல்லரின் தலைமையில் வந்த எம்டன் என்னும் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் மீது ஏறத்தாழ 125 குண்டுகளை வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளை எரித்தது. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அந்நிகழ்ச்சியைக் குறிக்கும் கல்வெட்டு உள்ளது. அந்தக் கப்பல் 1914 நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவுகளின் அருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியால் வீழ்த்தப்பட்டதை அறிந்தவர் பலர். அதன் மாலுமிகளில் ஒரு பகுதியினர் அதன்பின் மேற்கொண்ட பயணத்தை அறிந்தவர் சிலரே.

கம்பியில்லாத் தந்தி நிலையத்தைத் தகர்க்கக் கரையிறங்கியிருந்த ஏறத்தாழ 50 பேர், லெப்டினன்ட் ஹெல்முட் ஃபான் மூக்கேயின் தலைமையில், ஆயிஷா என்னும் பழைய பாய்மரக் கப்பலைக் கைப்பற்றிச் சுமத்ராவை அடைந்து, பின்னர் ஒரு ஜெர்மன் சரக்குக் கப்பலுக்கு மாறி, 1915 ஜனவரியில் துருக்கி ஆட்சியில் இருந்த ஏமனின் ஹுதைதா அருகே கரையேறினர். ஒட்டகங்களிலும் சிறு படகுகளிலும் வடக்கு நோக்கிச் சென்று, ஜித்தா அருகே பாலைவனப் பழங்குடியினரின் முற்றுகையில் சிலரை இழந்து, ஹிஜாஸ் இரயில் பாதையை எட்டி, 1915 மே மாதத்தில் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தனர். ஜெர்மனியின் எதிரிகளோடு போரிட முஸ்லிம்களை அழைத்த அறிவிப்பு வெளியாகி ஆறு மாதங்கள்கூட நிறையாத நிலையில், புனித மக்காவின் வாயிலான ஜித்தாவின் அருகிலேயே ஜெர்மானியர் சுடப்பட்டது, பெர்லின் கற்பனை செய்த ஒன்றுபட்ட இஸ்லாமிய உலகம் களத்தில் இல்லை என்பதைக் காட்டிய முதல் அடையாளங்களுள் ஒன்று.

பெர்லின் குழுவில் தமிழர்

செண்பகராமன் பிள்ளை எம்டன் கப்பலில் வந்து சென்னைத் தாக்குதலுக்கு வழிகாட்டினார் என்னும் நம்பிக்கை தமிழகத்தில் வேரூன்றியுள்ளது. அதற்கு ஆவணச் சான்று இல்லை. 1891-இல் திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, இளம் வயதிலேயே ஐரோப்பா சென்று, சூரிச்சில் பொறியியல் பயின்ற அவர், 1914 செப்டம்பரில் அந்நகரில் இந்தியாவுக்கு ஆதரவான பன்னாட்டுக் குழு ஒன்றை நிறுவிக்கொண்டிருந்தார். அதன்பின்னரே பெர்லின் சென்று, சரோஜினி நாயுடுவின் சகோதரரான வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா முதலியோருடன் இணைந்தார். ஜெர்மன் வெளியுறவுத் துறையின் ஆதரவோடு இயங்கிய அவர்களின் அமைப்பே பெர்லின் குழு என்று அழைக்கப்படுகிறது. கப்பலில் வந்த வீரர் என்னும் கதையைவிட, எதிரியின் எதிரியோடு பேரம் பேசித் தன் நாட்டின் விடுதலைக்கு வழிதேடிய இளைஞர் என்னும் உண்மை எவ்வகையிலும் குறைந்த பெருமையுடையது அன்று.

அக்குழுவில் மற்றொரு தமிழரும் இருந்தார். 1887-இல் சென்னையில் பிறந்து, பாரதியாரின் நண்பர் வட்டத்தில் இருந்து, 'இந்தியா' இதழோடு தொடர்புகொண்டிருந்த மண்டயம் பார்த்தசாரதி திருமலாச்சாரி, பெர்லின் குழுவின் சார்பில் துருக்கிப் பேரரசின் நிலப்பரப்புக்குச் சென்று, பிரிட்டிஷ் படையிலிருந்து சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களை விடுதலைப் படைக்குத் திரட்ட முயன்றார். வைணவ அந்தணக் குடும்பத்தில் பிறந்த ஒருவர், புனிதப் போரின் தலைநகரில், இந்துக்களும் சீக்கியரும் முஸ்லிம்களும் கலந்திருந்த சிப்பாய்களிடையே பணியாற்ற நேர்ந்ததில் இத்திட்டத்தின் அடிப்படை முரண்பாடு புலப்படுகிறது. இந்தியப் புரட்சியாளர்கள் வேண்டியது அனைத்துச் சமயத்தாருக்கும் பொதுவான தேச விடுதலை. துருக்கிய ஆட்சியாளர்களும் ஓப்பன்ஹைம் போன்றோரும் முன்னிறுத்தியது கலீபாவின் பெயரால் எழும் போர். இவ்விரண்டும் ஒரே வண்டியில் பூட்டப்பட்டதால், இஸ்தான்புல்லில் இந்தியர்களிடையே இந்து–முஸ்லிம் ஐயங்கள் வளர்ந்தன.

வூன்ஸ்டார்ஃப் முகாமும் காபூல் தூதும்

பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டார்ஃப் என்னும் ஊரில், முஸ்லிம் போர்க் கைதிகளுக்காக அரைப்பிறை முகாம் என்னும் பெயரில் ஒரு தனி முகாம் அமைக்கப்பட்டது. 1915 ஜூலையில் அங்கு மரத்தாலான பள்ளிவாசல் ஒன்று திறக்கப்பட்டது; ஜெர்மன் மண்ணில் தொழுகைக்கென்றே எழுப்பப்பட்ட முதல் பள்ளிவாசலாக அது கருதப்படுகிறது. இந்தியக் கைதிகளுக்கான பகுதியில் 'ஹிந்துஸ்தான்' என்னும் இதழ் இந்தியிலும் உருதுவிலும் அச்சிட்டு வழங்கப்பட்டது. உணவும் வழிபாடும் அவரவர் மரபுப்படி அனுமதிக்கப்பட்ட அதே முகாமில், அவர்களின் குரல்கள் மொழி ஆய்வுக்காக ஒலித்தட்டுகளில் பதிவு செய்யப்பட்டன; அப்பதிவுகள் இன்றும் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் உள்ளன. இவ்வளவு ஏற்பாடுகளுக்குப் பின்னும், அணிமாறிப் போரிட முன்வந்த இந்தியர் மிகச் சிலரே. குளிரிலும் நோயிலும் இறந்த 200-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் கல்லறைகள் அருகில் உள்ள செரன்ஸ்டார்ஃபில் உள்ளன. அங்கு உறங்குவோர் எந்தப் பேரரசருக்கும் நண்பராக இருக்கக் கேட்டுக்கொண்டவர் அல்லர்; கூலிக்கும் குடும்பத்துக்கும் படையில் சேர்ந்த எளிய உழவர்களே அவர்களுள் பெரும்பாலோர்.

மற்றொரு முயற்சி காபூலை நோக்கிச் சென்றது. 1915 ஏப்ரலில் பெர்லினிலிருந்து புறப்பட்ட இந்தியப் புரட்சியாளர்களான இராஜா மகேந்திர பிரதாப், மௌலவி பரக்கத்துல்லா ஆகியோரும், ஜெர்மன் அதிகாரிகளான வெர்னர் ஓட்டோ ஃபான் ஹென்டிக், ஆஸ்கர் நீடர்மாயர் ஆகியோரும் பாரசீகப் பாலைவனத்தைக் கடந்து அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் ஆப்கன் தலைநகரை அடைந்தனர். 1915 டிசம்பர் 1 அன்று அங்கு ஒரு தற்காலிக இந்திய அரசு நிறுவப்பட்டது. மகேந்திர பிரதாப் குடியரசுத் தலைவர், பரக்கத்துல்லா பிரதமர், தேவ்பந்த் மார்க்கக் கல்வி மரபைச் சேர்ந்த உபைதுல்லா சிந்தி உள்துறை அமைச்சர். அயலுறவுப் பொறுப்பு செண்பகராமனுக்குரியதாகக் கூறப்படுகிறது. அவர் பெர்லினிலேயே இருந்தார். இந்தியாவுக்கு வெளியே ஓர் இந்து அரசரும் முஸ்லிம் அறிஞர்களும் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தது, அம்முயற்சி தோற்றபோதிலும், மதிப்போடு நினைக்கத் தக்கது. ஆப்கன் அமீர் ஹபீபுல்லாவோ பெருந்தொகையும் ஆயுதங்களும் முதலில் வந்து சேர வேண்டும் என்று காலம் கடத்தினார். பிரிட்டனிடமிருந்து பெற்றுவந்த மானியத்தை அவர் இழக்க விரும்பவில்லை. 1916 மே மாதத்தில் ஜெர்மன் தூதுக்குழு வெறுங்கையோடு காபூலை விட்டு நீங்கியது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மக்காவின் ஷரீபான ஹுசைன், பிரிட்டனின் துணையோடு கலீபாவுக்கு எதிராகவே எழுந்தார்.

அழைப்புக்குச் செவிசாய்த்தோர் ஒருவரும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1915 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் 5-ஆம் இலகு காலாட்படையின் முஸ்லிம் சிப்பாய்கள், துருக்கியருக்கு எதிராக அனுப்பப்படுவோம் என்னும் அச்சத்தால் கலகம் செய்தனர். அவர்கள் டாங்ளின் முகாமில் சிறைப்பட்டிருந்த ஜெர்மானியரை விடுவித்தபோது, அவர்களோடு சேர்ந்து போரிட அந்த ஜெர்மானியர் முன்வரவில்லை. எம்டன் குழுவைச் சேர்ந்த லாட்டர்பாக் முதலிய சிலர் தப்பியோடினர். கலகம் ஒடுக்கப்பட்டு 47 சிப்பாய்கள் பொதுமக்கள் முன்னிலையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெர்லின் விடுத்த அழைப்பின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1915 முதல் துருக்கிய அரசு ஆர்மீனியக் கிறித்தவர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியேற்றிக் கொன்றபோது, உண்மை நிலையைத் தன் தூதர்களிடமிருந்தே அறிந்திருந்த ஜெர்மன் அரசு கூட்டணியைக் காக்க வேண்டித் தடுக்காமல் இருந்ததும் இந்த நட்பின் கணக்கில் எழுதப்பட வேண்டியதே.

சேலம்: சாயமும் கிலாபத்தும்

இவற்றுக்கும் சேலம், நாமக்கல் சமவெளிக்கும் உள்ள தொடர்பு முதலில் சாயத்தொட்டியில் தெரிந்தது. சேலத்தின் குகை, அம்மாப்பேட்டை பகுதிகளிலும், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களிலும் தறியை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் பல. சாயவேரும் அவுரியும் தந்த பழைய சிவப்பையும் நீலத்தையும், போருக்கு முன்பே ஜெர்மன் ஆலைகளின் அலிசரின் சிவப்பும் செயற்கை நீலமும் பெரும்பாலும் அகற்றிவிட்டிருந்தன. 1914 ஆகஸ்டில் ஜெர்மனியோடு வணிகம் நின்றதும் இந்தியச் சந்தையில் சாயச்சரக்கு அருகி, அதன் விலை பன்மடங்கு உயர்ந்தது. கழிநூலைச் சாயத்தில் நனைத்துப் பாவு ஓட்டும் நெசவாளருக்கு, பெர்லினின் போர் முதலில் வந்து சேர்ந்தது துண்டறிக்கையாக அன்று, சாயம் வாங்கக் கையில் காசு போதாத நாளாகவே.

இரண்டாவது தொடர்பு போர் முடிந்தபின் வந்தது. 1918 அக்டோபர் 30 அன்று துருக்கியும் நவம்பர் 11 அன்று ஜெர்மனியும் போர்நிறுத்தத்துக்கு உடன்பட்டன. ஜெர்மனியோடு சேர்ந்ததன் விளைவாகத் துருக்கி துண்டாடப்படும் என்றும், புனிதத் தலங்கள் மீதான கலீபாவின் அதிகாரம் பறிபோகும் என்றும் இந்திய முஸ்லிம்கள் அஞ்சினர்; போர்க்காலத்தில் பிரிட்டிஷ் பிரதமர் அளித்த வாக்குறுதிகள் மீறப்படுகின்றன என்பது அவர்களின் குற்றச்சாட்டு. 1920 ஆகஸ்ட் 10 அன்று கையெழுத்தான செவ்ரே உடன்படிக்கை அந்த அச்சத்தை உறுதிப்படுத்தியது. அதே மாதத்தில் காந்தியடிகளும் மௌலானா சௌகத் அலியும் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்து, கிலாபத்தையும் ஒத்துழையாமையையும் இணைத்துப் பேசினர். சென்னையில் யாகூப் ஹசன் சேட் கிலாபத் இயக்கத்தை முன்னின்று நடத்தினார். 1911 வரை சேலம் மாவட்டத்தில் இருந்த திருப்பத்தூர் வட்டத்தைச் சேர்ந்த வாணியம்பாடி, அவ்வியக்கத்தின் வலுவான ஊர்களுள் ஒன்றாயிற்று.

இங்குச் சேலத்தின் பழைய காயம் ஒன்றை நினைவுகூராமல் இருக்க இயலாது. 1882 ஆகஸ்டில், செவ்வாய்ப்பேட்டைப் பகுதியில் ஒரு பள்ளிவாசலின் வழியே மேளதாளத்தோடு ஊர்வலம் செல்வது குறித்து எழுந்த பூசல் பெருங்கலவரமாக மூண்டு, பள்ளிவாசல் இடிக்கப்பட்டு உயிர்களும் பலியாயின. கலவரத்தைத் தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுள், அப்போது நகராட்சி உறுப்பினராக இருந்த 30 வயது சேலம் சி. விஜயராகவாச்சாரியாரும் ஒருவர். அவருக்குப் பத்து ஆண்டு நாடுகடத்தல் தண்டனை விதிக்கப்பட்டது; உயர் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. 38 ஆண்டுகள் கழித்து, 1920 டிசம்பரில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அதே விஜயராகவாச்சாரியார். ஒத்துழையாமை குறித்து அவருக்குத் தயக்கங்கள் இருந்தபோதிலும், கிலாபத் அநீதியையும் பஞ்சாப் கொடுமையையும் களைந்து சுயராஜ்யம் பெறுவதை நோக்கமாகக் கொண்ட அத்திட்டம் அவர் தலைமையில் கூடிய மாநாட்டிலேயே உறுதிப்படுத்தப்பட்டது.

1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்த இராஜாஜி, ஒத்துழையாமை அழைப்பை ஏற்று வழக்கறிஞர் தொழிலைத் துறந்து, 1921 டிசம்பரில் சிறை சென்றார். இராசிபுரத்தில் பிறந்து, சேலத்திலிருந்து 'தமிழ்நாடு' இதழை நடத்திய டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடுவும் அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றார். 1882-இல் பள்ளிவாசலின் பெயரால் பிளவுண்ட ஒரு மாவட்டத்தின் தலைவர்கள், 1920-இல் முஸ்லிம்களின் மனவேதனையைத் தங்கள் வேதனையாக ஏற்றுக்கொண்டது, பெர்லினின் பணமும் அச்சகமும் சாதிக்க முடியாத செயல்.

வரலாறு தரும் முடிவு

கிலாபத் இயக்கமும் நீடிக்கவில்லை. 1924 மார்ச் 3 அன்று துருக்கியக் குடியரசே கலீபா பதவியை ஒழித்தது. மலபார்க் கலவரமும் அதன்பின் வந்த பூசல்களும் ஒற்றுமையைக் குலைத்தன. சமயப் பற்றை அரசியலோடு பிணைப்பதில் உள்ள ஆபத்து இந்தியத் தலைவர்களின் முயற்சிக்கும் பொருந்தும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் இரண்டுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு உண்டு. பெர்லின் முஸ்லிம்களைத் தன் போட்டியாளரை வீழ்த்தும் கருவியாகக் கண்டது. ஆகவே மக்காவிலும் காபூலிலும் வூன்ஸ்டார்ஃப் முகாமிலும் அவரவர் தத்தம் நலனையே எண்ணி அதன் அழைப்பைப் புறக்கணித்தனர். சேலத்தில் அண்டை வீட்டார் அண்டை வீட்டாரோடு நின்றனர். சில ஆண்டுகளே நின்றாலும் தாமாக நின்றனர்.

வில்ஹெல்ம் 1918 நவம்பரில் முடிதுறந்து ஹாலந்துக்கு ஓடினார். செண்பகராமன் 1934-இல் பெர்லினில் காலமானார். அவர் அஸ்தி 1966-இல் இந்தியக் கடற்படைக் கப்பலில் தாயகம் வந்து சேர்ந்தது. பிற நாட்டு மக்களின் சமயப் பற்றைத் தன் படைக்கலமாக்க விரும்பும் எந்த வல்லரசின் நட்பும் அம்மக்களுக்கு நன்மை தராது என்பதே 1914 முதல் 1918 வரையிலான இந்த நிகழ்ச்சிகள் தரும் முடிவு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெர்லின் இதே பாதையை மீண்டும் மிதித்தது. ஜெருசலேம் முஃப்தி அமீன் அல் ஹுசைனியும் நேதாஜி சுபாஷ் சந்திர போசும் ஒரே நகரில் இருந்த அக்காலத்தை அடுத்த பகுதி ஆராயும்.